தொடும் இடத்தை மட்டுமே அறியும் வால்வு

சமையல் சிலிண்டரின் தலையில் ரெகுலேட்டரை மாட்டிக் கழற்றத் தெரியாத வீடு இன்று அநேகமாக இல்லை. அந்தக் கையளவு உலோகப் பெட்டிக்குள் நடக்கும் வேலைதான், அளவில் பெரிதாகி, சாய ஆலையின் ஸ்டீம் லைனிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் குழாய்க் காட்டிலும் நகரங்களுக்கு அடியில் ஓடும் எரிவாயுக் குழாய்களிலும் இரவு பகலாக நடக்கிறது. பெரியதைப் புரிந்துகொள்ளச் சின்னதிலிருந்து தொடங்குவது எளிது.

சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் எரிவாயு, வெயிலுக்கும் கலவைக்கும் தக்கபடி சுமார் 5 முதல் 7 பார் அழுத்தத்தோடு வெளியே வரத் துடிக்கிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குச் சற்று மேல். அடுப்புக்கு வேண்டியதோ 30 மில்லிபார் மட்டும். ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தன் அடியில் கொடுக்கிற அழுத்தம் அவ்வளவுதான். ஆக, உள்ளே வருவதில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குதான் வெளியே போக வேண்டும். அதுவும் சீராகப் போக வேண்டும். ஒரு பர்னர் எரிந்தாலும் மூன்று எரிந்தாலும், மார்கழிக் குளிரானாலும் சித்திரை வெயிலானாலும், அந்த 30 பெரிதாக ஏறவோ இறங்கவோ கூடாது. இத்தனைக்கும் அதற்கு மின் இணைப்பு கிடையாது. எந்தக் கருவியும் அதற்குக் கட்டளை இடுவதில்லை.

ரெகுலேட்டரின் வட்டமான வயிற்றுக்குள் குறுக்கே ஒரு ரப்பர் தாள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதுதான் டயாஃப்ரம். மேலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்துகிறது. அடுப்புக்குப் போகும் வாயு கீழிருந்து அதை மேலே தள்ளுகிறது. டயாஃப்ரத்தின் நடுவிலிருந்து ஒரு சிறு நெம்புகோல் புறப்படுகிறது. சிலிண்டர் வாயு நுழையும் சின்னத் துளையை அடைக்கும் ரப்பர்க் கட்டை அதன் மறுமுனையில் இருக்கிறது. அடுப்பை ஏற்றினால் வாயு செலவாகிறது, டயாஃப்ரத்துக்குக் கீழே அழுத்தம் குறைகிறது, ஸ்பிரிங்கின் கை ஓங்குகிறது, துளை திறக்கிறது. அடுப்பை அணைத்தால் அழுத்தம் ஏறுகிறது, டயாஃப்ரம் எழும்புகிறது, துளை மூடுகிறது. நடுவே உள்ள எல்லா நிலைகளிலும் துளை எவ்வளவு திறந்தால் போதுமோ அவ்வளவுதான் திறந்திருக்கும். ஸ்பிரிங் கேட்பதும் வாயு கொடுப்பதும் சமமாகும் இடத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது.

6 பாரை 30 மில்லிபார் எப்படி அடக்குகிறது? பதில் பரப்பில் இருக்கிறது. கணக்குக்காக டயாஃப்ரத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 30 மில்லிபார் விழுந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையின் விசை கிடைக்கும். சிலிண்டர் பக்கத் துளையின் விட்டம் இரண்டரை மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 5 சதுர மில்லிமீட்டர்தான். 6 பார் முழுப் பலத்தோடு தள்ளினாலும் அங்கே பிறக்கும் விசை 300 கிராம் எடைக்கு மேல் இல்லை. அகன்ற தாளின் மேல் விழும் மெல்லிய அழுத்தம், ஊசித் துளையில் முட்டும் பெரும் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது. நெம்புகோல் சேர்ந்தால் அந்தப் பிடி இன்னும் இறுகும்.

ரெகுலேட்டரின் மேல்மூடியில் கண்ணில் எளிதில் படாத அளவில் ஒரு துளை இருக்கும். டயாஃப்ரத்தின் மேற்புறம் வெளிக்காற்றோடு பேசுவது அந்தத் துளை வழியாகத்தான். அழுக்கோ பூச்சியோ அதை அடைத்துவிட்டால் மேலே சிக்கிய காற்று டயாஃப்ரத்தை நகர விடாது. ஸ்பிரிங்கும் தாளும் பழுதில்லாமல் இருந்தும் ரெகுலேட்டர் தப்புக் கணக்குப் போடும். இந்த வகை வால்வுகளைப் பற்றி நான் சொல்ல வருவதன் வித்து இந்தத் துளையில்தான் இருக்கிறது. அவற்றின் பலத்தில் குறை காண்பது அரிது. அவற்றுக்குப் போய்ச் சேரும் செய்தி சரியா என்பதுதான் கேள்வி.

ஆலைக்குள் போவோம். பாய்லரில் 10 பார் ஸ்டீம் தயாராகிறது. அதன் வெப்பம் ஏறக்குறைய 184 டிகிரி செல்சியஸ். துணியை உலர்த்தும் உருளைக்கு 3 பார் போதும் என்றால், அந்த அழுத்தத்தில் ஈர ஸ்டீமின் வெப்பம் 144 டிகிரிக்குப் பக்கம். பூரித நிலையில் ஸ்டீமின் அழுத்தமும் வெப்பமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. அழுத்தத்தைப் பிடித்தால் வெப்பத்தையும் பிடித்தாயிற்று. அதனால்தான் ஆலைக்காரர்கள் பி.ஆர்.வி. என்று அழைக்கும் அழுத்தம் குறைக்கும் வால்வு, துணியின் நிறத்துக்கும் தரத்துக்கும் பொறுப்பாகிறது. இன்னொரு லாபமும் உண்டு. குறைந்த அழுத்தத்தில் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராக மாறும்போது கொடுக்கும் வெப்பம் அதிகம். 10 பாரில் சுமார் 2000 கிலோஜூல், 3 பாரில் 2130க்கும் மேல்.

வால்வு எந்தப் பக்கத்து அழுத்தத்தைக் கவனிக்கிறது என்பதை வைத்து அதன் குணமே மாறும். தனக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தைக் கவனித்து, அது ஏறினால் மூடிக்கொள்வது குறைக்கும் வால்வு. 30 மாடிக் குடியிருப்பில் மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் தரைத்தள வீட்டுக் குழாய்க்கு வரும்போது 9 பார் அழுத்தத்தோடு வரும். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. சில மாடிகளுக்கு ஒன்றாக இத்தகைய வால்வு வைக்காவிட்டால் கீழ்வீட்டுக் குழாய்கள் தாங்காது. தனக்கு முன்னால் உள்ள அழுத்தத்தைக் கவனித்து, அது எல்லை மீறினால் திறந்து வெளியேற்றுவது சேஃப்டி வால்வு.

இந்தக் குடும்பத்தின் மூத்தவர் சேஃப்டி வால்வுதான். டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில், எலும்பையும் குழைய வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க, ஒரு துளையை மூடிய அடைப்பின்மேல் நெம்புகோல் வைத்து, அதில் எடையைத் தொங்கவிட்டார். உள்ளே அழுத்தம் எடையை வெல்லும்போது அடைப்பு தூக்கிக்கொள்ளும். நம் பிரஷர் குக்கரின் விசிலுக்குப் பாட்டன் அது. இன்றைய பாய்லர் சேஃப்டி வால்வில் எடைக்குப் பதில் ஸ்பிரிங் இருக்கிறது. கூடவே ஓர் அழகான சூட்சுமமும் இருக்கிறது. துளையை மூடியிருக்கும் வட்டு இம்மியளவு எழும்பியதும் ஸ்டீம் அதன் அகன்ற விளிம்புக்கு அடியிலும் புகுந்துகொள்ளும். தள்ளும் பரப்பு சட்டென்று பெரிதாகிவிடுவதால் வால்வு தயங்காமல் ஒரே வீச்சில் முழுக்கத் திறக்கும். அதே காரணத்தால், திறந்த அழுத்தத்துக்குக் கீழே கொஞ்சம் இறங்கிய பிறகே மூடும்.

குறைக்கும் வால்வின் கதையில் நெருப்பு வருகிறது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் என்ற ஊர். பெரும் தீ ஒன்றை அணைக்கத் தண்ணீர் பாய்ச்சிய நீராவிப் பம்பை, வில்லியம் ஃபிஷர் என்பவர் மணிக்கணக்காகப் பக்கத்தில் நின்று கையால் திருகிக் கட்டுப்படுத்தினாராம். குழல் திறந்தால் அழுத்தம் விழும், மூடினால் எகிறும். ஓயாத அந்தக் கைவேலையைத் தானே செய்யும் கருவியை அவர் 1880இல் உருவாக்கினார் என்கிறது, அவர் தொடங்கிய நிறுவனத்தின் வரலாறு. வால்வுத் தொழிலில் ஃபிஷர் என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

தானே சரிசெய்துகொள்ளும் கருவிக்குத் தனி நோய்களும் உண்டு. செலவு கூடும்போது வால்வு அதிகம் திறக்க வேண்டும். திறக்கத் திறக்க ஸ்பிரிங் நீள்கிறது, அதன் அழுத்து விசை தளர்கிறது. ஆகவே முழுச் செலவில் கிடைக்கும் அழுத்தம், சொற்பச் செலவில் கிடைப்பதைவிடச் சற்றே குறைவாக இருக்கும். இதைக் குறைக்க, சின்ன வால்வு ஒன்று அழுத்தத்தை உணர்ந்து பெரிய வால்வை இயக்கும் பைலட் அமைப்பு வந்தது. கூர்மை கூடியது. ஆனால் கூர்மை கூடினால் பதற்றமும் கூடுகிறது. அளவுக்கு மேல் திறப்பது, பிறகு அளவுக்கு மேல் மூடுவது, மறுபடி திறப்பது என்று கேஜின் முள் ஆடத் தொடங்கும். இஞ்சின்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் இதே ஆட்டம் எப்போது தானே அடங்கும், எப்போது பெருகிக்கொண்டே போகும் என்பதை 1868இல் கணிதத்தால் காட்டியவர், மின்காந்தக் கொள்கைக்காக நாம் அறிந்திருக்கும் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். கட்டுப்பாட்டுக் கோட்பாடு என்னும் துறைக்கே அந்தக் கட்டுரை ஒரு தொடக்கம்.

ஆலைகளில் பரவலாகக் காணும் ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்காமல் போக முடியவில்லை. லைன் இரண்டு அங்குலம் என்றால் வால்வும் இரண்டு அங்குலம் என்று வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். பெரிய வால்வு சின்னச் செலவுக்கு மயிரிழை அளவே திறந்து நிற்கும். அந்த இடுக்கில் ஈர ஸ்டீம் பாயும் வேகத்தில், அடைப்பு வந்து அமரும் சீட்டின் மேல் மெல்லிய கோடுகளாக அறுத்துவிடும். பிறகு மூடினாலும் வால்வு முழுக்க மூடாது. வால்வின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது பாயும் அளவும் இரு பக்க அழுத்தமும்தான். பைப்பின் விட்டத்தைப் பார்த்து வால்வு வாங்குவது காசுக்கும் கேடு, வால்வுக்கும் கேடு.

அந்த இடுக்கில் நடப்பது தனி உலகம். குறுகிய இடத்தில் நுழையும் எதுவும் வேகம் எடுக்கும், வேகம் எடுத்தால் அதன் அழுத்தம் விழும். தண்ணீராக இருந்தால், இடுக்கில் அழுத்தம் மிகவும் விழுந்துபோய், அறை வெப்பத்திலேயே அது கொதித்துக் குமிழிகளாகும். ஒரு விரல் தூரம் தாண்டியதும் அழுத்தம் மீண்டும் ஏறும். அப்போது குமிழிகள் ஒவ்வொன்றும் உள்நோக்கி இடிந்து விழும். இடியும் இடத்தில் நுண்ணிய நீர்த்தாரை ஊசிபோல் உலோகத்தைக் குத்தும். வெளியே நிற்பவர் காதுக்குப் பைப்பில் ஜல்லி உருள்வதுபோல் கேட்கும். சில மாதங்கள் கழித்துக் கழற்றினால், வழவழப்பாக இருந்த எஃகு, கடற்பஞ்சு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். வெறும் தண்ணீரும் அதன் ஆவியும் செய்த வேலை அது. தடுக்கும் வழி, அழுத்தத்தை ஒரே எட்டில் இறக்காமல் படிப்படியாக இறக்குவது.

வாயுவாக இருந்தால் வேறு எல்லை வருகிறது. பின்பக்க அழுத்தம் முன்பக்கத்தில் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கும்போதே, இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அறை வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர். அதற்குப் பிறகு பின்பக்கத்தில் அழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் ஒரு துளி வாயுகூடக் கூடுதலாக வராது. பின்னால் அழுத்தம் குறைந்துவிட்டது என்ற செய்தியும் ஒலியின் வேகத்தில்தான் பயணம் செய்யும். எதிரே அதே வேகத்தில் பாய்ந்து வரும் வாயுவைத் தாண்டி அந்தச் செய்தி முன்பக்கம் போய்ச் சேர முடிவதில்லை. பெரிய எரிவாயு நிலையங்களில் காதைக் கிழிக்கும் இரைச்சல் இதிலிருந்து பிறப்பதுதான். ஒரு பெரிய வாய்க்குப் பதில் நூற்றுக்கணக்கான சின்னத் துளைகள் போட்ட உருளை வழியாக வாயுவைப் பிரித்து அனுப்பினால் இரைச்சல் வெகுவாக அடங்கும்.

கூடவே குளிரும் வரும். 1852இல் ஜேம்ஸ் ஜூலும் வில்லியம் தாம்சனும் ஆராய்ந்த விளைவு இது. இயற்கை எரிவாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. அழுத்தம் குறைந்து அவை விலகும்போது அந்த இழுப்பை அறுக்க ஆற்றல் செலவாகிறது, வாயு குளிர்கிறது. ஒரு பார் இறங்கினால் சுமார் அரை டிகிரி. 50 பாரிலிருந்து 10 பாருக்கு இறக்கினால் 20 டிகிரி போய்விடும். கொளுத்தும் வெயிலிலும் வால்வுக்குப் பின்னால் பைப்பின் மேல் வெள்ளையாகப் பனி படிவது இதனால்தான். உள்ளே ஈரம் இருந்தால் நீரும் வாயுவும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற திடப்பொருளாகி வழியை அடைத்துவிடும். அதற்காகவே பல நிலையங்களில் வாயுவை முதலில் சூடாக்கிப் பிறகு இறக்குகிறார்கள். ஹைட்ரஜனோ அறை வெப்பத்தில் நேர்மாறு. அழுத்தம் குறைந்தால் அது சற்றுச் சூடாகும்.

இவ்வளவு உக்கிரத்தையும் தாங்கும்படி வால்வு செய்ய மனிதர்கள் கற்றுவிட்டார்கள். செய்தி விஷயத்தில்தான் இன்னும் இடறுகிறார்கள்.

1979 மார்ச் 28 விடியற்காலை 4 மணி. பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை. பம்புக் கோளாறால் அழுத்தம் ஏற, வெளியேற்றும் வால்வு திறந்தது. அதுவரை சரி. அழுத்தம் இறங்கியதும் மூட வேண்டிய வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. ஆனால் அந்த விளக்கு காட்டியது, மூடு என்ற கட்டளை போயிற்றா என்பதை மட்டும்தான். வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது அறியாது. ஊழியர்கள் விளக்கை நம்பினார்கள். போதுமான தண்ணீர் இருப்பதாக எண்ணி, அவசரக் குளிர்நீரையும் குறைத்தார்கள். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் உலையின் குளிர்நீர் அந்த வால்வு வழியாக வழிந்து போனது. எரிபொருள் மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகிவிட்டது.

அடுத்தது, இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரமும், அதையொட்டிய ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஊர்களும். வீடுகளுக்குப் போகும் எரிவாயுக் குழாய்களில் அழுத்தம் 35 மில்லிபார் அளவு இருந்தது. அதற்கு ஊட்டம் கொடுக்கும் பெருங்குழாயில் சுமார் 5 பார். எண்களைப் பாருங்கள், கிட்டத்தட்ட நம் சிலிண்டர் ரெகுலேட்டர் செய்யும் வேலைதான், ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நேரத்தில். வீட்டுக்கு வீடு தனி ரெகுலேட்டர் இருக்கவில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் நிலையத்திலேயே இரண்டு ரெகுலேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஒன்று வேலை செய்யும், மற்றொன்று அது தவறினால் பிடிக்கும். இரண்டும் அழுத்தத்தை அறிந்தது, நிலையத்திலிருந்து தெருக் குழாய்வரை மண்ணுக்குள் ஓடிய மெல்லிய சென்சிங் லைன்கள் வழியாக.

2018 செப்டம்பர் 13 அன்று பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுப் புது பிளாஸ்டிக் குழாய்களுக்கு மாற்றும் வேலை நடந்தது. புதுக் குழாயில் வாயு ஓடியது. பழையதைத் துண்டித்தார்கள். சென்சிங் லைன்கள் மட்டும் அந்தப் பழைய குழாயிலேயே பொருந்தியிருந்தன. துண்டித்த குழாயில் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. ரெகுலேட்டர்களுக்குத் தெரிந்த உலகம் அந்தக் குழாய் மட்டும்தான். அழுத்தம் போதவில்லை என்று அவை உணர்ந்தன, திறந்தன. பழைய குழாயில் அழுத்தம் ஏறவே இல்லை. இன்னும் திறந்தன. காப்பாளனாக நின்ற இரண்டாவது ரெகுலேட்டரும் அதே பொய்ச் செய்தியைக் கேட்டதால் அதுவும் சேர்ந்து திறந்தது. பெருங்குழாயின் அழுத்தம் வீடுகளை நோக்கிப் பாய்ந்தது.

மாலை 4 மணி கடந்த சிறிது நேரத்தில் அடுப்புகளிலும் வெந்நீர்க் கொதிகலன்களிலும் சுடர் சீறியது. வீடுகள் வெடித்தன, அடுத்தடுத்த தெருக்களில் தீ எழுந்தது. தொலைதூரத்து ஒஹாயோ மாநிலத்தில் இருந்த கண்காணிப்பு அறையில் அபாய மணி ஒலித்தது. ஆனால் அங்கிருந்து வால்வை மூடும் வசதி இல்லை. ஆட்கள் நேரில் போய் ரெகுலேட்டரை மூட ஏறக்குறைய அரை மணி ஆகிவிட்டது. 131 கட்டடங்கள் சேதமடைந்தன. காரில் உட்கார்ந்திருந்த 18 வயது இளைஞர் மேல் புகைபோக்கி இடிந்து விழுந்து அவர் இறந்தார். இருபதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. ரெகுலேட்டர்களில் எந்தப் பழுதும் இல்லை. அவை வடிவமைத்தபடியே நடந்துகொண்டன. வேலைக்கான திட்ட ஆவணத்தில், சென்சிங் லைனைப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும் என்ற ஒரு வரி இல்லை. அந்த லைன்கள் எங்கே ஓடுகின்றன என்பதை அறிந்த பிரிவினர் திட்டத்தைச் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை. நிறுவனத்தின் பொறியியல் நிர்வாகக் குறைபாடுதான் காரணம் என்று வாரியம் முடிவு செய்தது. என் கருத்தில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இரண்டு காவலர்களுக்கும் ஒரே கண் என்றால் அங்கே இருப்பது ஒரு காவலர்தான்.

2020 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம், இறந்த அந்த இளைஞரின் பெயரிலேயே ஒரு குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரே காரணத்தால் எல்லாக் காப்பும் ஒன்றாக விழும்படி ரெகுலேட்டர் நிலையங்கள் அமையக் கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அழுத்தம் எல்லை மீறினால் தனியாக நின்று மூடும் அல்லது வெளியேற்றும் ஏற்பாடு வேண்டும் என்கிறது அது.

பாய்லர் அறையிலோ கம்ப்ரசர் பக்கத்திலோ வேலை செய்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் லைனில் உள்ள பி.ஆர்.வி.யிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று அடுத்த ஷிஃப்டில் தொடர்ந்து போய்ப் பாருங்கள். நடுவில் யாராவது மூடி வைத்த சின்ன வால்வு இருக்கிறதா, அது இணையும் பைப் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய லைனை வெட்டும் வேலை வந்தால், வெட்டுவதற்கு முன்பே அதைக் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ரெகுலேட்டரைத் தாங்களாகத் திறந்து பழுது பார்க்க வேண்டாம். வாயு வாடை வந்தாலோ, சுடர் வழக்கத்துக்கு மாறாக எழும்பினாலோ, உடனே ரெகுலேட்டரை அணைத்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே வந்து எரிவாயு முகவரைக் கூப்பிடுங்கள்.